ஐந்தாவது பாபின்

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். மரகதம் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ்ஸிலும் ரேஷன் கடை வரிசையிலும் திரும்பிப் பார்க்காமல் இருக்க இத்தனை வருஷத்தில் பழகியிருந்தாள். ஆனாலும் பிடரியில் ஒரு நரம்பு மட்டும் சொன்ன பேச்சுக் கேட்காது. அது ஆம்பிளை இருமலா பொம்பிளை இருமலா, சளியா வறட்டா, சின்ன வயசா பெரிய வயசா என்று தானாகவே எடை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடங்கும். இது சளி. பெரியவர் யாரோ. சரி. முந்தானையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு மேடைக்கு மேலே இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு முப்பத்தைந்து. உடனே இடது கையைத் திருப்பிக் கைக்கடிகாரத்தையும் பார்த்தாள். இரண்டு முப்பத்தைந்து. இதுவும் பழக்கம்தான். பேங்க்கோ ஆஸ்பத்திரியோ கல்யாண மண்டபமோ, சுவரில் கடிகாரத்தைக் கண்டால் கையில் இருப்பதோடு ஒத்துப் பார்க்காமல் இருக்க முடியாது. ஒத்துப்போனால் நெஞ்சு லேசாகும். ரெண்டு நிமிஷம் வித்தியாசம் இருந்தால்கூட அங்கே யாரோ ஸ்டூல் போட்டு ஏறியிருக்கிறார்கள் என்று தோன்றும். யாரும் ஏறியிருக்க மாட்டார்கள், பேட்டரி இறங்கியிருக்கும். அது அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய.

திண்டுக்கல்லில் அவள் மகள் அபிராமி எம்.ஏ. இங்கிலீஷ் படிக்கிற கல்லூரி அது. வருஷக் கடைசியில் பெற்றோரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, பிள்ளைகள் தாங்கள் படித்த கதைகளைப் பற்றி மேடையில் பத்துப் பத்து நிமிஷம் பேசுவார்களாம். பெற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று அன்றைக்கு மட்டும் தமிழில். பேசுகிறவர்கள் அந்தக் கதைக்குப் பொருத்தமாக வீட்டிலிருந்து ஒரு சாமானைக் கொண்டுவந்து காட்ட வேண்டும், கடைசியில் அம்மாவோ அப்பாவோ மேடையேறி அதைப் பற்றி ரெண்டு வார்த்தை சொல்ல வேண்டும். அந்த ரெண்டு வார்த்தை என்ற பேச்சைக் கேட்டதிலிருந்து மரகதம் அதையே மனசுக்குள் உருட்டிக்கொண்டிருந்தாள். எட்டாவதோடு நின்றவள் எம்.ஏ. படிக்கிற பிள்ளைகளுக்கு என்ன சொல்வாள். அபி பையில் என்னவோ செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்தாள், சாண் நீளத்துக்கு. "என்னடி அது, உங்க அப்பாவோட டார்ச் லைட்டா?" என்று பஸ்ஸில் கேட்டதற்கு, "மேடையில பார்த்துக்கம்மா, நீயே அழுதுருவ" என்று பையை மாரோடு அணைத்துக்கொண்டாள். அழுகிற மாதிரி அப்படி என்ன இருக்கிறது வீட்டில். பக்கத்து நாற்காலியில் நிலக்கோட்டையிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா, கொண்டையில் கனகாம்பரம் வைத்தவள், முறுக்குப் பொட்டலத்தை நீட்டினாள். "எடுத்துக்கங்க. உங்க பொண்ணு எதைப் பத்திப் பேசுது?" மில்லைப் பற்றி என்றாள் மரகதம். "பரவாயில்லையே. என் மகன் இப்பத்தான் பேயைப் பத்திப் பேசிட்டு இறங்குனான். வெள்ளைக்காரன் வீட்டுப் பேயாம். ஏன், நம்ம ஊர்ல இல்லாத பேயா? எங்க வீட்டு அரிக்கேன் விளக்கைத் தூக்கிட்டு வந்து காட்டுறான், வெக்கக்கேடு, சிம்னியில கரிகூடத் தொடைக்கல." அப்புறம் மேடையில் என்ன சொன்னீர்கள் என்று மரகதம் கேட்டாள். "வணக்கம்னேன். அதுக்கே கைதட்டிட்டாங்க. நீங்களும் வணக்கம்னு சொல்லிட்டு இறங்கிருங்க, யாரு கேக்கப் போறா." வணக்கம். ஒரே வார்த்தை. அது முடியும் என்று நினைத்துக்கொண்டு ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தாள்.

அபி மேடையில் ஏறினாள். பாட்டில் பச்சைச் சுடிதார், மரகதமே தைத்தது. வலது கையைக் கொஞ்சம் இறுக்கமாகத் தைத்துவிட்டோமோ, மைக்கைப் பிடிக்கத் தூக்கும்போது அக்குளில் இழுக்கிறதே என்று கண் அங்கேயே நின்றது. அதனால் முதல் நாலு வரி காதில் விழவில்லை. விழ ஆரம்பித்தபோது அபி விக்டோரியா ராணி காலத்து இங்கிலாந்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். புகைபோக்கிகள் ஊருக்கு மேல் காடு மாதிரி நிற்கும், வெள்ளைத் துணி காயப்போட்டால் சாயங்காலம் கரித்துணியாக எடுக்க வேண்டும், ஆற்றில் அன்றைக்கு எந்தச் சாயம் தோய்த்தார்களோ அந்த நிறத்தில் தண்ணீர் ஓடும். அங்கே கதை எழுதினவர்களை வேறு எதையும் எழுதவிடாமல் இந்தப் புகை வந்து மூக்கில் ஏறியதாம். "முதலாளிங்க தொழிலாளிகளை மனுஷங்கன்னு சொல்ல மாட்டாங்க. கைகள்னுதான் சொல்வாங்க. எங்க மில்லுல எழுநூறு கைகள் இருக்குன்னு பெருமையா சொல்வாங்க" என்றாள் அபி. கூட்டம் உச்சுக் கொட்டியது. மரகதமும் கொட்டினாள், கொட்டின நாக்கு அப்படியே மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அங்கே கை என்றால் வேடசந்தூர் ரோட்டில் அவள் வேலை பார்த்த மில்லில் தலை. காலையில் மேனேஜர் போனில் கேட்பார், வார்டனம்மா இன்னிக்கு எத்தனை தலை? இருநூத்திப் பன்னெண்டு தலை சார், மூணு தலை ஜுரம் என்று அவள் சொல்வாள். இதே வாயால். மூணு தலை ஜுரம். அந்த மூன்று தலைக்கும் முந்தின நாள் சாயங்காலம் எண்ணெய் வைத்துச் சீவிவிட்டது இவள்தான், எந்தத் தலையில் பேன், எந்தத் தலையில் சுழி என்று விரலுக்குத் தெரியும். போனை எடுத்தால் மட்டும் எண்ணிக்கையாகிவிடும். அங்கே கை, இங்கே தலை, ரெண்டு ஊரையும் ஒட்ட வைத்தாலும் முழு ஆள் ஒன்று தேறவில்லை.

அபிக்கு அம்மா வார்டனாக இருந்தது தெரியாது. அம்மா மில்லில் வேலை பார்த்தாள் என்று தெரியும். அது பொய்யில்லை. லாரியோடு போன அவள் அப்பா லாரியோடேயே முடிந்துபோனபோது அபிக்கு ஆறு வயசு. பிள்ளையை வத்தலக்குண்டில் தங்கச்சி ஜோதி வீட்டில் விட்டுவிட்டு மரகதம் மில்லுக்குப் போனாள். முதல் எட்டு மாசம் நூல் மிஷினில் நின்றதும் பொய்யில்லை. எழுதப் படிக்கத் தெரியும், குரல் கணீரென்று இருக்கிறது, வயசும் முப்பத்தஞ்சு ஆகிறது என்று சொல்லிப் பெண்பிள்ளைகள் ஹாஸ்டலுக்கு வார்டனாகப் போட்டார்கள். அதன்பின் ரெண்டரை வருஷம் அவள் இடுப்பில் சாவிக்கொத்து. மாசத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போகும்போது சாவிக்கொத்தைப் பீரோவில் வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். மகள் ஓடிவந்து கையைப் பிடித்துப் பார்த்து, மில்லுல கை வலிக்குமாம்மா என்று கேட்கும், ஆமா கண்ணு என்பாள். அதுதான் முதல் பொய் என்று நினைக்கிறாள். இல்லை, அதற்கு முன்னாடியே வேறு ஒன்று. எது முதல், எது அடுத்தது என்று வரிசை போட்டுப் பார்க்க உட்கார்ந்தால் தையல் நூல் சிக்குகிற மாதிரி சிக்கிக்கொள்ளும், பிறகு கத்தரிக்கத்தான் வேண்டும்.

"அந்த மில்களில் இன்னொரு கொடுமை நடந்திருக்கு" என்றது மேடை. "தொழிலாளிங்க வாட்ச் கொண்டுவரக் கூடாது. மில் கடிகாரத்தைக் காலையில முன்னாடி தள்ளி வெப்பாங்க, சாயங்காலம் பின்னாடி இழுத்து வெப்பாங்க. தினமும் கொஞ்சம் கொஞ்சமா அவங்க நேரத்தை எடுத்துக்குவாங்க." யார் சொன்னார்கள் அபிக்கு? ஜோதிக்குக்கூடத் தெரியாதே. ஒரு நொடி, ஒரே நொடி, எல்லாம் தெரிந்துதான் கூட்டி வந்திருக்கிறாள், பேயைக் காட்டின மாதிரி என்னைக் காட்டப் போகிறாள் என்று நினைத்தாள், எழுந்து வெளியே போய்விடலாமா, கனகாம்பரக்காரி காலை மடக்கி வழிவிட வேண்டுமே. இல்லை. அபி இங்கிலாந்தைத்தான் சொல்கிறாள். நூற்றெழுபது வருஷத்துக்கு முந்தின இங்கிலாந்து. கடல் தாண்டி, கப்பலேறி, அங்கேயும் ஒருத்தி ஸ்டூல் போட்டு ஏறியிருக்கிறாள். அவளுக்கும் வலது முட்டி வலித்திருக்குமா? அவளுக்கும் வத்தலக்குண்டில் ஒரு பிள்ளை இருந்திருக்குமா? ஹாஸ்டல் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரே கடிகாரம், மிஷின் ஓடுகிற ஷெட்டில் கடிகாரம் கிடையாது. பிள்ளைகளின் போனெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் இவள் பீரோவில். கையில் வாட்ச் கட்டினால் மிஷினில் மாட்டும் என்று அதையும் கழற்றி வாங்கி வைத்தாயிற்று. மேனேஜர் முதலில் சொன்னபோது அது தப்பாகவே தெரியவில்லை. "ஏன் வார்டனம்மா, உங்க வீட்டுல கடிகாரத்தை அஞ்சு நிமிஷம் வேகமா வெச்சுக்கறதில்லையா? பிள்ளைங்க அரக்கப் பரக்க ஓடாம நிதானமாக் கெளம்பட்டுமேன்னுதான்." எல்லார் வீட்டிலும்தான் வைக்கிறார்கள். முதலில் பத்து நிமிஷம். பிறகு பதினைந்து. பிறகு இருபது. ராத்திரிச் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் தட்டுக் கழுவக் குழாயடிக்குப் போகிற நேரத்தில் இருபது நிமிஷம் முன்னால். காலையில் அவர்கள் ஷெட்டுக்குப் போனபின், மத்தியானம் ரெண்டு மணிக்குச் சங்கு ஊதித் திரும்பி வருவதற்குள் இருபது நிமிஷம் பின்னால். காலையில் மட்டும் சங்கு ஊதுவதில்லை, அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களுக்குத் தூக்கம் கெடுகிறதாம். ஊர்க்காரர்கள் தூக்கத்துக்கு இருந்த மரியாதை. நாலரைக்கு எழுப்புகிறோம் என்று நாலு பத்துக்கு எழுப்புவாள். டிரங்குப் பெட்டிகளுக்கு நடுவில் சுருண்டு கிடக்கிற பிள்ளைகளைக் காலால் இல்லை, கையால்தான், எழுந்திரு கண்ணு, நேரமாச்சு தங்கம் என்று. கண்ணு என்று சொல்லாமல் எழுப்பியிருந்தால் இன்றைக்கு இவ்வளவு உறுத்தாதோ என்னவோ.

கூட்டம் சிரித்தது. என்னவென்று பார்த்தால் அபி தன் வீட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். "எங்க வீட்டுல சுவர்க் கடிகாரமே கிடையாது. குடி வந்தப்ப மூணு கடிகாரம் பரிசா வந்தது, மூணையும் எங்கம்மா அடுத்தடுத்த கல்யாணத்துக்கு மொய்யாக் குடுத்துட்டாங்க." மறுபடி சிரிப்பு. கனகாம்பரக்காரி இவள் தொடையில் தட்டி, "கெட்டிக்காரி நீங்க" என்றாள். அபி சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தினாள். "ரொம்ப நாள் நானும் சிரிச்சேன். இந்த நாவல்களைப் படிச்ச பெறகுதான் புரிஞ்சது. என் அம்மாவும் மில்லுல வேலை பார்த்தவங்க. கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஓடினவங்க. அந்தப் பயத்தை வீட்டுச் சுவர்ல மாட்டி வெக்க அவங்களுக்கு மனசு வரல. அவங்க எதையும் சொன்னதில்ல. நானாப் புரிஞ்சுக்கிட்டேன்." நானாகப் புரிந்துகொண்டேன். மரகதம் தலையைக் குனிந்துகொண்டாள், பார்க்கிறவர்கள் கூச்சம் என்று நினைத்திருப்பார்கள். பிள்ளை புத்திசாலி. வகுப்பில் முதல். எல்லாவற்றையும் சரியாக அடுக்கி ஒரே ஒரு இடத்தில் ஆளை மட்டும் மாற்றிப் போட்டுவிட்டது. அந்தக் கதைகளில் மூன்று வகை மனிதர்கள் வருகிறார்களாம். புகை நடுவே பெரிய வீடு கட்டிக்கொண்ட முதலாளி. நெஞ்சுக்குள் பஞ்சு போய் இருமி இருமிச் சாகிற வேலைக்காரப் பெண். வெளியூரிலிருந்து வந்து அவள் தலைமாட்டில் உட்கார்ந்து கண்ணீர் விடுகிற நல்ல குடும்பத்துச் சீமாட்டி. அபி விரல் மடக்கிச் சொல்லச் சொல்ல மரகதம் காத்திருந்தாள், நாலாவது விரல் மடங்கும் என்று. மடங்கவில்லை. சாவிக்கொத்து வைத்திருக்கிறவள் வரவேயில்லை. முதலாளி கடிகாரத்தைத் திருப்பினான் என்று எழுதிவிட்டார்கள். முதலாளி எங்கே திருப்பினான், அவனை இவள் ஆயுத பூஜை அன்றைக்கு ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள், காரிலிருந்து இறங்கிச் சுண்டல் வாங்கிக்கொண்டு போனான். முள்ளைத் தொட்டு நகர்த்த ஒரு விரல் வேண்டும். அந்த விரலை எழுதினவர்களுக்குத் தெரியவில்லையா, தெரிந்தும் பாவம் என்று விட்டுவிட்டார்களா.

அப்போதுதான் அபி செய்தித்தாளைப் பிரித்தாள். உள்ளே இருந்து பாபின் வந்தது. நூல் மிஷினில் நூலைச் சுற்றுகிற சாண் நீளக் குழல், பச்சைப் பிளாஸ்டிக், அடியில் மட்டும் கட்டைவிரல் உயரத்துக்குப் பழுப்பேறின வெள்ளை நூல். மரகதத்துக்கு அது தன் உடம்புக்குள்ளிருந்து எடுத்து வெளியே வைத்த மாதிரி இருந்தது. டிரங்குப் பெட்டியில், கல்யாணச் சேலைக்கும் கீழே, அந்துருண்டை போட்டு வைத்திருந்ததை எப்போது எடுத்தாள் இவள்? "எங்கம்மா பதினஞ்சு வருஷமா இதைப் பத்திரமா வெச்சிருக்காங்க. அவங்க கையால ஓட்டின நூல்" என்று அபி அதைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள், கை இறுக்கம் அக்குளில் இழுத்தது, யாரோ போட்டோ எடுத்தார்கள். அவள் கையால் ஓட்டின நூல். ஓட்டினவளுக்கு அன்றைக்குப் பதினாறு வயசு, ரெஜிஸ்டரில் பதினெட்டு. உசிலம்பட்டிப் பக்கம், பேர் மாயக்காள். கூட இருக்கிற பிள்ளைகள் வாத்தியாரம்மா என்று கேலி செய்வார்கள், எதையும் அளந்து பார்க்கிற புத்தி. குளிக்கிற வாளி எத்தனை சொம்பு, கட்டிலிலிருந்து ஷெட் எத்தனை எட்டு, எல்லாம் அவளுக்குத் தெரியும். ஒரு நாள் மத்தியானம் ஷெட்டிலிருந்து வந்தவள் இவள் அறைக் கதவை ஒருக்களித்துவிட்டு, துப்பட்டாவுக்குள்ளிருந்து இந்தப் பாபினை எடுத்தாள். "அக்கா, ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கக் கூடாது." மில் சாமானை வெளியே கொண்டுவந்தால் என்ன ஆகும் தெரியுமா என்று மரகதம் அதட்டியதைக் காதில் வாங்கவேயில்லை. "நம்ம ஷெட்டு ராவுல ஓடாதுல்ல. காலைல ஆறு மணிக்கு வெறும் பாபின்லதான் ஆரம்பிக்கிறோம். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க நெறையும், எறக்குவோம். அப்ப ரெண்டு மணிச் சங்குக்குச் சரியா நாலு. நாலோட முடியணும். ஆனா தெனமும் அஞ்சாவது பாபின்ல இம்புட்டு ஏறிருதுக்கா." கட்டைவிரலை நூலோடு ஒட்டி வைத்துக் காட்டினாள். "பத்து நாளாப் பாக்குறேன். கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. ஆறுல ஒரு பங்கு. அப்ப இருவது நிமிசம். அந்த மேனேஜரு ஆள் வெச்சு நம்ம கடிகாரத்துல என்னமோ பண்றான். நீங்க கேளுங்கக்கா. நீங்க கேட்டாப் பயப்படுவான்."

நீங்க கேட்டாப் பயப்படுவான். இத்தனை வருஷத்தில் யாரும் மரகதத்தைப் பார்த்து அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. கட்டினவன் சொன்னதில்லை, பெற்றவர்கள் சொன்னதில்லை. அந்த வார்த்தை நெஞ்சுக்குள் சூடாக இறங்கியதும், இறங்கின சூடு தாங்காமல் உடனே பயமாக மாறியதும் இன்றைக்கும் நினைவிருக்கிறது. நான் கேக்குறேன், நீ யார்கிட்டயும் சொல்லாத என்று பாபினை வாங்கி வைத்துக்கொண்டு, தலையைத் தடவி அனுப்பினாள். சாயங்காலமே மேனேஜரிடம் போய்ச் சொன்னாள். கேட்கவில்லை, சொன்னாள். "யாரு அந்தக் கணக்குப் புலி?" என்று அவர் சிரித்தார். பேரைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியலை சார், பிள்ளைங்க பேசிக்குதுங்க என்றிருக்கலாம். இன்றைக்குப் படுக்கையில் படுத்தால் அப்படி ஏழெட்டு பதில் வரும், ஒவ்வொன்றும் அழகான பதில். அன்றைக்கு மாயக்காள் என்றுதான் வந்தது. மறுநாளே பிள்ளையைப் புளோரூமுக்கு மாற்றிவிட்டார்கள், பஞ்சு மூட்டையைப் பிரித்து உதறுகிற இடம். எதிரே நிற்கிற ஆள் தெரியாத அளவுக்குப் பஞ்சுத் தூசி மூடுபனி மாதிரி பறக்கும். நாலே மாசம். முதலில் தும்மல், அப்புறம் அந்த வறட்டு இருமல், பலகையைத் தட்டின மாதிரி. பாட்டில் மருந்து ரெண்டு கொடுத்துப் பார்த்தார்கள், அப்புறம் ஊருக்கு அனுப்பிருங்க என்றார்கள். பாபினை மட்டும் மரகதம் ஏன் மேனேஜரிடம் கொடுக்கவில்லை? தெரியாது. அதைக் காப்பாற்றினேன் என்று சொல்லிக்கொள்ள ஆசை. காப்பாற்ற வேண்டியது அதுவா.

மார்கழி. பஸ் ஸ்டாப் வரைக்கும் கொண்டுபோய் விட்டு வரச்சொல்லி இவளைத்தான் அனுப்பினார்கள். ஒரு பை, ஒரு தகரப் பெட்டி, கழுத்தைச் சுற்றித் துப்பட்டா. முதல் பஸ் ஆறு பத்துக்கு, அதை விட்டால் எட்டு மணிக்கு. மில் கேட் சாத்துகிற சத்தம் பின்னால் கேட்டது, ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. "மணி என்னக்கா?" என்று மாயக்காள் கேட்டாள். மரகதம் கையைத் திருப்பிப் பார்த்தாள். அஞ்சு அம்பது. முள் ரெண்டும் தெளிவாகத் தெரிந்தது. அஞ்சு அம்பது என்று கண் பார்த்தது, ஆறு பத்து என்று வாய் சொன்னது. பொய் சொல்ல வேண்டும் என்று நினைக்கவேயில்லை. அங்கே யாரை ஷெட்டுக்கு அனுப்ப வேண்டும், கேட்டைத் தாண்டியாயிற்று, பிள்ளை ஊருக்குப் போகிறது. காலை நேரம், ஒரு பெண்பிள்ளை மணி கேட்டால் இருபதைக் கூட்டிச் சொல்கிற பழக்கம் நாக்கில் ஊறிப்போயிருந்தது. "அய்யோ, அப்பப் பஸ்ஸு போயிருக்கும்ல. இனி எட்டு மணிக்குத்தான்" என்று மாயக்காள் மைல் கல்லில் உட்கார்ந்தாள். இல்லை கண்ணு, தப்பாச் சொல்லிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தப்பு என்றால் எந்தத் தப்பு என்று கேட்பாளே. அளக்கிற பிள்ளை. மரகதம் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பிள்ளை இருமி ஓய்ந்து இவள் தோளில் சாய்ந்து தூங்கிப்போனது. வாயைத் திறந்துகொண்டு, குழந்தை மாதிரி. இருபது நிமிஷம். இத்தனை நாள் எடுத்ததில் ஒரே ஒரு இருபதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேனே என்று பின்னாளில் சில சமயம் ஆறுதல் பட்டிருக்கிறாள், ஆறுதல் பட்ட கையோடு முகத்தைத் தண்ணீரால் அடித்துக் கழுவியிருக்கிறாள். பனிக்குள்ளிருந்து விளக்கு தெரிந்தது. பஸ். "ஏறு ஏறு, ஆறு பத்து வண்டி, கரெக்டா வந்துட்டோம்ல" என்று கண்டக்டர் கதவைத் தட்டினார். மாயக்காள் எழுந்தாள். பஸ்ஸைப் பார்த்தாள். மரகதத்தின் இடது கையைப் பார்த்தாள். அப்புறம் முகத்தை. கோபமே இல்லை. கணக்கில் கடைசி வரிக்கு விடை கிடைத்த பிள்ளை சிரிக்குமே, அப்படி ஒரு சிரிப்பு வந்தது. "பஸ்ஸுக்கு நம்ம ஹாஸ்டல் கடிகாரம் தெரியலக்கா" என்றாள். பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு ஏறினாள். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாளா, திரும்பிப் பார்த்தாளா, தெரியாது, பனி. இருமல் மட்டும் பஸ்ஸோடு கொஞ்ச தூரம் போனது.

அன்றைக்கே வேலையை விட்டேன் என்று சொல்ல எவ்வளவு ஆசையாக இருக்கிறது. விடவில்லை. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் ஸ்டூல் போட்டாள். அதற்குப்பின் பதினொரு மாசம் போட்டாள். விட்டதுகூட அவளாக விடவில்லை. ஸ்டூல் கால் ஆடி, தலைகுப்புற விழுந்து மணிக்கட்டு உடைந்தது. குழாயடியிலிருந்து பிள்ளைகள் எச்சில் தட்டோடு ஓடிவந்தார்கள். ஒருத்தி மடியில் படுக்க வைத்துக்கொண்டாள், ஒருத்தி ஊட்டிவிட்டாள், பத்து நாள் மாறி மாறித் தலை சீவிவிட்டார்கள். "ஏன்க்கா நீங்க ஏறுனீங்க, எங்களைக் கூப்பிடக் கூடாதா?" ஒட்டடை அடிக்க என்றாள். மறுநாள் அந்தப் பிள்ளைகள் கூடம் பூராவும் ஒட்டடை அடித்து, கடிகாரத்தையும் இறக்கித் துடைத்து மாட்டி வைத்திருந்தார்கள். அம்மா, என்று யாரோ கூப்பிட்டார்கள். யாருடைய அம்மா. "அம்மா, உங்களைத்தாங்க கூப்புடுது" என்று கனகாம்பரக்காரி இடித்தாள். மேடையிலிருந்து அபி கை நீட்டிக்கொண்டிருந்தாள், துறைத் தலைவி அம்மாள் பொன்னாடையைப் பிரித்துக்கொண்டிருந்தார். மில் தொழிலாளியாக இருந்து ஒரு பெண்ணை எம்.ஏ. வரைக்கும் கொண்டுவந்த தாய் என்று மைக் சொன்னது. மரகதம் எழுந்தாள். ஐந்து படி. முட்டி வலித்தது. மாடிப்படி ஏறினால் வலிக்காது, வேறு எதில் ஏறினாலும் வலிக்கும். வணக்கம், அவ்வளவுதான், வணக்கம் என்று சொல்லிவிட்டு இறங்கினால் யார் கேட்கப் போகிறார்கள். சால்வை தோளில் விழுந்தது, புது ஜரிகை கழுத்தில் அறுத்தது. அபி பாபினைக் கையில் கொடுத்தாள். கட்டைவிரல் தானாகப் போய் அந்த நூல்மேல் உட்கார்ந்தது, நூலும் விரலும் ஒரே உயரம். அபியின் கண் நிறைந்து தளும்பிக்கொண்டிருந்தது, இந்த உலகத்தில் அந்தப் பிள்ளை பெருமைப்பட இருக்கிற ஒரே ஆள் இவள். இதைக் கெடுக்க வேண்டுமா? பெற்ற மகள் இனி எந்த முகத்தோடு பார்ப்பாள்? எம்.ஏ. முடிக்கட்டும், வேலைக்குப் போகட்டும், அப்புறம் ஒரு நாள் வீட்டில் தனியாக உட்கார வைத்துச் சொன்னால் ஆகாதா? அப்புறம் அப்புறம் என்றுதான் பதினொரு மாசம் ஆனது. "வணக்கம்" என்றாள். சொன்ன மாதிரியே கைதட்டினார்கள். அபி மைக்கை வாங்கக் கை நீட்டினாள். மரகதம் கொடுக்கவில்லை.

"இது நான் ஓட்டின நூல் இல்ல" என்றாள். குரல் கணீரென்று வந்தது, ரெண்டரை வருஷம் பிள்ளைகளை எழுப்பின அதே குரல், அது இன்னும் போகவில்லை என்பதே அவளுக்குக் கேவலமாக இருந்தது. "மாயக்காள்னு ஒரு பொண்ணு ஓட்டினது. உசிலம்பட்டிப் பக்கம். கணக்கு நல்லா வரும் அவளுக்கு." அபி சிரித்துக்கொண்டேதான் இருந்தாள், அம்மா தோழியைப் பற்றிச் சொல்கிறாள் என்று நினைத்திருப்பாள். அந்தச் சிரிப்பை மரகதம் ஒரு தடவை நன்றாகப் பார்த்துக்கொண்டாள். "இதுல இருக்கறது அவளோட இருபது நிமிஷம். எம் பொண்ணு சொன்னா, முதலாளிங்க கடிகாரத்தைத் திருப்புவாங்கன்னு. எங்க மில்லுல அவங்க திருப்பல. தெனமும் ரெண்டு தடவை ஸ்டூல் போட்டு ஏறித் திருப்பினது நான். அந்தப் பொண்ணு கண்டுபிடிச்சு என்கிட்டதான் வந்து சொன்னா, அவளைக் காட்டிக் குடுத்ததும் நான்." சால்வை ஒரு பக்கம் நழுவியது. யாரும் எடுத்துப் போடவில்லை. அபியின் கை மைக்குக்காக நீட்டினபடியே அந்தரத்தில் நின்றது. மேலே கடிகார முள் மட்டும் நகர்கிற சத்தம், இவ்வளவு பெரிய கூடத்தில் அது கேட்கும் என்று யாருக்குத் தெரியும். பின்வரிசையில் யாரோ இருமினார்கள். மரகதம் நிமிர்ந்து அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு மேலே பேசினாள்.